வெளிநாட்டில் சுற்றுச்சூழல் படிப்பில் இளநிலைப் பட்டம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தகவல் கிடைக்காமல் தடுமாறுபவர்கள் குறைவு. வரிசை மாறித் தடுமாறுபவர்களே அதிகம். முதலில் நாட்டை முடிவு செய்கிறார்கள், அப்புறம் ஏஜென்ட், அப்புறம் ஆங்கிலத் தேர்வு. கோர்ஸ் பக்கத்தைக் கடைசியில்தான் திறக்கிறார்கள். அங்கே 'வேதியியல் கட்டாயம்' என்று இருக்கும். பள்ளியில் வேதியியலை விட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் மற்ற படிகளைச் சுருக்கலாம், முதல் நான்கைச் சுருக்காதீர்கள். இங்கே சொல்லும் தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பட்டத்தின் பெயரை நம்பாமல் இரண்டாம் ஆண்டுப் பாடப் பட்டியலைப் படியுங்கள்

சுற்றுச்சூழல் என்ற பெயரில் மூன்று வேறு படிப்புகள் இருக்கின்றன. என்விரான்மென்டல் ஸ்டடீஸ் என்றால் சட்டம், கொள்கை, பொருளாதாரம், சமூகவியல் ஆகியவற்றோடு கொஞ்சம் அறிவியல். என்விரான்மென்டல் சயின்ஸ் என்றால் வேதியியல், சூழலியல், மண், நீரியல், வளிமண்டலம், புள்ளியியல். என்விரான்மென்டல் இன்ஜினியரிங் முழுப் பொறியியல். கால்குலஸ், திரவ இயக்கவியல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பு என்று போகும்.

சிக்கல் என்னவென்றால், பெயர்கள் இந்த எல்லையை மதிப்பதில்லை. 'ஸ்டடீஸ்' என்று பெயர் வைத்துவிட்டு ஆய்வகப் பாடங்களை அடுக்கும் துறைகள் உண்டு. 'சயின்ஸ்' என்று சொல்லிவிட்டு பாதி நேரம் கொள்கை நடத்தும் துறைகளும் உண்டு. பி.ஏ., பி.எஸ்ஸி. என்ற எழுத்துகளும் முழு உண்மையைச் சொல்லாது.

அதனால் ஒவ்வொரு கோர்ஸிலும் இரண்டாம் ஆண்டின் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். முதல் ஆண்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல அறிமுகமாகவே இருக்கும். கடைசி ஆண்டில் கவர்ச்சியான பெயரில் விருப்பப் பாடங்கள் நிறைய இருக்கும், ஆனால் நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது அவை நடக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. துறை எதை முக்கியம் என்று நினைக்கிறது என்பது இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்படும்.

அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: புள்ளியியல், ஜிஐஎஸ் எனப்படும் வரைபடத் தரவு மென்பொருள், கட்டாயக் களப்பணி, கடைசி ஆண்டு ஆய்வேடு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு கூட இல்லாத கோர்ஸை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் ஏதாவது ஒன்றை அளந்து, வரைபடமாக்கி, அறிக்கை எழுதுவதுதான். அதற்கான பயிற்சி இல்லாமல் வெளியே வந்தால் பட்டம் இருக்கும், கையில் தொழில் இருக்காது.

எந்தப் பக்கம் போவது என்று குழப்பமா? நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து, அவற்றில் கேட்கப்படும் திறன்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். மாசு அளவீடு, நீர்ப் பரிசோதனை, வாழிடக் கணக்கெடுப்பு என்று வந்தால் சயின்ஸ். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள், கார்பன் கணக்கு, சமூகக் கலந்தாய்வு என்று வந்தால் ஸ்டடீஸ் போதும். வடிவமைப்பு, கையெழுத்திடும் உரிமை என்று வந்தால் இன்ஜினியரிங். இன்ஜினியரிங் பக்கம் போவதாக இருந்தால் அந்த நாட்டின் தொழில்முறை அங்கீகாரம் கோர்ஸுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் அதைத் தருவது ஏபெட் என்ற அமைப்பு. பிரிட்டனில் சயின்ஸ் கோர்ஸ்களுக்கு இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் என்விரான்மென்டல் சயின்சஸ் அங்கீகாரம் தருகிறது, கனடாவில் ஈகோ கனடா தருகிறது. அங்கீகாரம் இல்லாத சயின்ஸ் கோர்ஸ் மோசம் என்று அர்த்தமில்லை. இருந்தால் பாடத்திட்டத்தை வெளியாள் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. பள்ளிப் பாடங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

கோர்ஸ் பக்கத்தில் மொத்த மதிப்பெண் பெரிதாக இருக்கும், கட்டாயப் பாடங்கள் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது சிறிய எழுத்தைத்தான். சயின்ஸ் கோர்ஸ்கள் பொதுவாக உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புவியியல் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ கேட்கும். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணிதம் இல்லாமல் நுழைவது கடினம்.

ஒரு பாடம் குறைந்தால் மூன்று வழிகள் உண்டு. அந்தப் பாடத்தைத் தனியாக எழுதித் தேறலாம். பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் என்ற தயாரிப்பு ஆண்டில் சேரலாம். அல்லது பாடக் கட்டுப்பாடு குறைவான நாட்டுக்கு மாறலாம். ஃபவுண்டேஷன் என்றால் ஒரு வருடக் கட்டணமும் ஒரு வருடச் செலவும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

ஜெர்மனியில் கேள்வியே வேறு. உங்கள் பள்ளிச் சான்றிதழ் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போதுமா என்பதை முதலில் பார்ப்பார்கள். போதாது என்றால் ஷ்டூடியன்கொல்லேக் என்ற ஓராண்டுத் தயாரிப்பு. அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்திலும், டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் பக்கத்திலும் உங்கள் சான்றிதழின் பெயரைப் போட்டுத் தேடலாம். இந்தியா, சீனா, வியட்நாம் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஏபிஎஸ் என்ற சரிபார்ப்பும் தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

3. இப்போது நாட்டைத் தேர்வு செய்யுங்கள்

எது நல்ல நாடு என்று கேட்டால் பதில் கிடைக்காது. அங்கே பட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, படித்து முடித்தபின் எவ்வளவு காலம் வேலை தேடலாம் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் பட்டம் 3 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 4. இங்கிலாந்தில் முதல் நாளிலிருந்தே உங்கள் துறைதான், பொதுப் பாடங்கள் பெரும்பாலும் கிடையாது. என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு இது சிக்கனம். கிழக்கு ஆங்கிலியா, லீட்ஸ், லங்காஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை பெரியது. படிப்புக்குப் பிறகான கிராஜுவேட் விசா 2 ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். இப்போது திட்டமிடுபவர்கள் 18 மாதம் என்றே கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவில் 4 ஆண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டின் முடிவில் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, அறிவித்தால் போதும். ஸ்டடீஸா சயின்ஸா என்று இன்னும் தெரியாதவர்களுக்கு இதுதான் சரியான இடம். மிடில்பரி போன்ற சிறிய கல்லூரிகளில் இந்த மேஜர் வலுவானது. மெய்ன் மாநிலத்தில் உள்ள காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கில் எல்லோருக்கும் ஒரே பட்டம்தான், ஹியூமன் ஈகாலஜி. உள்ளே பாடங்களை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடுவது இதைத்தான். படிப்புக்குப் பிறகு எல்லோருக்கும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி உண்டு. அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பட்டமாக இருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும். இதை முடிவு செய்வது பட்டத்தின் பெயர் இல்லை, சிஐபி என்ற ஆறு இலக்க எண். ஒரே பெயருள்ள மேஜரை இரண்டு கல்லூரிகள் வேறு வேறு எண்ணில் பதிந்திருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி அந்த எண்ணைக் கேட்டு, ஸ்டெம் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

கனடாவில் பெரும்பாலும் 4 ஆண்டு. கோ-ஆப் என்ற முறையில் படிப்புக்கு நடுவே சம்பளத்தோடு வேலை செய்யும் பருவங்கள் வரும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழலுக்கென்றே தனிப் புலம் இருக்கிறது, கோ-ஆப்பும் உண்டு. இந்தத் துறையில் கள அனுபவம் இல்லாமல் முதல் வேலை கிடைப்பது சிரமம், அதனால் கோ-ஆப்பை நான் பெரிதாகவே மதிப்பேன். படித்து முடித்தவர்களுக்கு 3 ஆண்டு வரை வேலை அனுமதி கிடைக்கலாம். இளநிலை மாணவர்களுக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதம் இல்லாமல் ஸ்டடி பர்மிட் என்ற படிப்பு அனுமதி கிடைக்காது.

நெதர்லாந்தில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் 3 ஆண்டு, ஆங்கிலவழி இளநிலை கோர்ஸ்கள் ஓரளவு உண்டு. அங்கே முதல் ஆண்டின் 60 கிரெடிட்டில் குறிப்பிட்ட அளவு எடுக்காவிட்டால் அந்தக் கோர்ஸிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்த விதி தெரியாமல் போய்ச் சேர்ந்து முதல் பருவத்தை லேசாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இளநிலைக் கோர்ஸ்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. 'இலவசம்' என்று கேட்டுவிட்டு இந்த மொழி விஷயத்தைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 3 ஆண்டு, பிப்ரவரியிலும் ஜூலையிலும் சேரலாம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபென்னர் பள்ளியும் கிரிஃபித், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களும் இந்தத் துறையில் கவனிக்கத்தக்கவை.

படித்த பிறகு உங்கள் நாட்டுக்கே திரும்புவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். 3 ஆண்டுப் பட்டத்தை அங்கே முதுநிலைச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் சமமாக ஏற்பார்களா? சில இடங்களில் ஏற்பதில்லை.

4. பணக் கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே போடுங்கள்

கல்விக் கட்டணம் கணக்கின் ஒரு பகுதிதான். இருக்க இடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விசா, டெபாசிட், விமானம் எல்லாம் அதற்கு மேல். இந்தப் படிப்புக்கென்று தனியாகச் சில செலவுகளும் உண்டு: களப் பயணம், மழை அங்கி, நல்ல காலணி, ஜிஐஎஸ் மென்பொருள் ஓடக்கூடிய மடிக்கணினி. கட்டாயக் களப் பயணத்தின் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று துறையிடம் எழுதிக் கேளுங்கள். விருப்பக் களப் பயணம் வேறு நாட்டில் என்றால் தனிச் செலவாக வருவதுதான் வழக்கம்.

மொத்தத்தை எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துப் போடுங்கள், கட்டணம் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுப் பணத்தை மட்டும் திரட்டிக்கொண்டு, மீதியைப் பகுதிநேர வேலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது ஆபத்து. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த வருமானத்தில் சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம், கட்டணத்தைக் கட்ட முடியாது. ஆய்வகமும் களமும் உள்ள படிப்பில் அந்த மணிநேரங்களே முழுதாகக் கிடைக்காது.

உதவித்தொகை தேடும்போது நேரம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. செவனிங், எராஸ்மஸ் முண்டஸ், ஃபுல்பிரைட் எல்லாம் இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கானவை. டிஏஏடியின் தனிநபர் உதவித்தொகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். பள்ளி முடித்தவருக்குப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடமிருந்தே வரும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் உதவித்தொகை நான்கு ஆண்டுக்கான கட்டணம், புத்தகம், தங்குமிடம் எல்லாவற்றையும் ஏற்கிறது. ஆனால் உங்கள் பள்ளி உங்களை நியமனம் செய்ய வேண்டும். பள்ளிக்கு இந்த முறை தெரிந்திருக்காது, நீங்கள்தான் போய் விளக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்கள் பணத் தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைச் சேர்த்து, பின்பு தேவையை முழுதாக ஈடு செய்கின்றன. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் நீங்கள் உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்கும். அதற்குப் பயந்து, 'சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று விண்ணப்பத்தில் 'உதவி வேண்டாம்' என்று குறிப்பவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். பல கல்லூரிகளில், முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் உதவி கிடையாது.

5. தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கடைசித் தேதியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி எழுதினால்தான் எது முதலில் தேவை என்று தெரியும். பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸில், எல்லா விண்ணப்பங்களையும் சமமாகப் பரிசீலிப்பதற்கான கடைசி நாள் ஜனவரியில் வரும், அதுவும் பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணி. அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய சுற்று பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான சுற்று ஜனவரித் தொடக்கம். நெதர்லாந்தில் இடக் கட்டுப்பாடு உள்ள கோர்ஸ்களுக்கு ஜனவரி 15. ஜெர்மனியில் பல கோர்ஸ்களுக்கு ஜூலை 15, சில இன்னும் முன்னதாகவே முடியும்.

அமெரிக்காவில் எர்லி டிசிஷன் என்று போட்டால் இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும். பண உதவிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

6. ஆங்கிலத் தேர்வு

ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், பிடிஇ ஆகியவற்றின் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையாமல் என்ற மாதிரிதான் நிறைய இடங்களில் கேட்பார்கள். மொத்தத்தில் தேறி எழுத்துப் பகுதியில் மட்டும் விழுபவர்களே அதிகம், பயிற்சியை அங்கே கூட்டுங்கள். ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதியை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிரிட்டனில் நேரடிப் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம் ஏற்கும் தேர்வே விசாவுக்கும் போதும். பட்டத்துக்குக் கீழான நிலையில் உள்ள ஃபவுண்டேஷன் என்றால் உள்துறை அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வு மையத்தில்தான் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு முறை பணம் கட்ட நேரிடும்.

7. ஒரு சிறிய வேலையைச் செய்து முடியுங்கள்

கட்டுரை எழுதும் முன் இது. சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தானே எழுத முடியும்? மரம் நட்டேன், பேரணியில் நடந்தேன் என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். ஒரு கேள்வியைக் கேட்டு, அளந்து, பதிலைத் தேடிய விண்ணப்பம் குறைவு.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் அப்படியே, 10 மீட்டர் வரை தெளிவு. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு ஏரியின் இரண்டு காலப் படங்களை வைத்து நீர்ப்பரப்பை அளக்கலாம்.

இதில் முதலில் எல்லோரும் செய்யும் தவறு, வேறு வேறு மாதத்துப் படங்களை ஒப்பிடுவது. மழைக்குப் பின் எடுத்த பழைய படத்தையும் வறண்ட மாதத்தில் எடுத்த புதிய படத்தையும் வைத்தால் ஏரி பாதியாகச் சுருங்கியது போலத் தெரியும். நீங்கள் அளந்தது பருவ மாற்றத்தை, ஏரியின் அழிவை இல்லை. ஒரே மாதத்துப் படங்களாக, சில ஆண்டுகளுக்கு எடுங்கள். அந்த ஆண்டுகளின் மழை அளவையும் பக்கத்தில் வையுங்கள். விடை குழப்பமாக வந்தாலும் பரவாயில்லை, ஏன் குழப்பம் என்று எழுத முடிந்தால் அதுவே நல்ல பொருள்.

கணினி பிடிக்காது என்றால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரா வாரம் பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியுங்கள். அல்லது ஒரு சிறிய நிலத்தின் செடிகளை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதிந்து அடையாளம் காணுங்கள். தேதி, நேரம், வானிலை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் முக்கியம். முதல் களப்பணியில் பேராசிரியர் கேட்பதும் அதைத்தான்.

8. கட்டுரை

'சிறு வயதிலிருந்தே எனக்கு இயற்கையின் மீது காதல்' என்று ஆரம்பிக்காதீர்கள். பூமி சூடாகிறது என்று விளக்கவும் வேண்டாம். படிப்பவர் அதைத் தொழிலாகச் செய்பவர், உங்களிடமிருந்து அவர் அதைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

'எங்கள் ஊர் ஏரி மாசடைந்திருப்பதைக் கண்டு வேதனைப்பட்டேன்' என்று ஒருவர் எழுதியிருப்பார். அதையே இப்படியும் எழுதலாம்: 'ஏரியின் நீர்ப்பரப்பை ஒரே மாதத்துப் படங்களில் அளந்தேன். மழை கூடிய ஆண்டிலும் பரப்பு கூடவில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் படத்தில் அதை உறுதி செய்ய முடியவில்லை. அதற்கு நீரியல் தெரிய வேண்டும்.' இரண்டாவதில் உணர்ச்சி குறைவு, ஆனால் கடைசி வரி ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது.

யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும்.

யூகாஸில் 5 கோர்ஸ் வரை தேர்வு செய்யலாம், ஐந்துக்கும் இந்த ஒரே பதில்கள்தான் போகும். இரண்டு இன்ஜினியரிங், மூன்று கொள்கை என்று கலந்தால் பதில்கள் யாருக்கும் பொருந்தாது. முதல் படியை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

காமன் ஆப்பில் நிலைமை வேறு. முதன்மைக் கட்டுரை 650 சொல்லுக்குள் உங்களைப் பற்றியது, படிப்பைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. 'ஏன் எங்கள் கல்லூரி' என்ற துணைக் கட்டுரையில்தான் பாடங்களின் பெயரும் கள நிலையங்களின் பெயரும் வர வேண்டும். கல்லூரியின் பெயரை மாற்றினாலும் அந்தக் கட்டுரை அப்படியே பொருந்தினால், மறுபடி எழுதுங்கள்.

9. பரிந்துரைக் கடிதமும் ஆவணங்களும்

பதவியில் பெரியவரிடம் கேட்காதீர்கள், உங்கள் வேலையைப் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள். ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். நீங்கள் செய்த வேலையின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கொடுத்தால் அவருக்கு எழுத விஷயம் இருக்கும்.

பாஸ்போர்ட், சான்றிதழ், விண்ணப்பம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தகப்பனார் பெயரையோ முதலெழுத்தையோ குடும்பப் பெயர் இடத்தில் ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் நிரப்பியதால், விசா நேரத்தில் ஓடித் திரிந்தவர்கள் பலர். முதல் படிவம் நிரப்பும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள்.

10. விண்ணப்பம் போடுதல்

படிவத்தை நீங்களே நிரப்புங்கள். யூகாஸ், காமன் ஆப், நெதர்லாந்தின் ஸ்டடிலிங்க், ஜெர்மனியின் யூனி-அசிஸ்ட் எல்லாமே மாணவர் நேரடியாகப் பயன்படுத்தவே கட்டப்பட்டவை. ஏஜென்ட் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் பல ஏஜென்ட்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம். தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அவர்கள் பட்டியலில் வராமல் போகலாம். உங்கள் பட்டியலை நீங்கள் தயார் செய்துகொண்டு போங்கள். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். ஆஃபர் வந்தது தெரியாமலேயே கெடு கடந்து போவது பெரும்பாலும் இதனால்தான்.

11. ஆஃபர் வந்த பிறகு

நிபந்தனையுள்ள ஆஃபர் என்றால் நிபந்தனை எது, எந்தத் தேதிக்குள் என்று தனியாக எழுதி வையுங்கள். டெபாசிட் கட்டும் முன் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

துறைக்கும் சில கேள்விகள் அனுப்புங்கள். களப்பணி எத்தனை நாள், எங்கே? உடல்நலக் காரணத்தால் களத்துக்குப் போக முடியாதவருக்கு மாற்று உண்டா? கடந்த ஆண்டு எந்தெந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடந்தன? வரும் பதில்களின் தரத்திலேயே துறை மாணவரை எப்படி நடத்தும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

12. விசா

இங்கே விழுபவர்களில் பலர் பணம் இல்லாமல் விழுவதில்லை, பணத்தைக் காட்டிய விதத்தில் விழுகிறார்கள். பிரிட்டனுக்கு முதல் ஆண்டுக் கட்டணத்தின் பாக்கியும் 9 மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. பணம் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது. பெற்றோர் கணக்கென்றால் உறவுச் சான்றும் சம்மதக் கடிதமும் சேருங்கள்.

கனடாவுக்கு 2025 செப்டம்பர் 1 முதல் தனி மாணவர் கட்டணம் நீங்கலாக 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர். ஜெர்மனிக்கு, மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். அமெரிக்காவுக்கு, கல்லூரி அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று வந்த பிறகு, செவிஸ் என்ற மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் கட்டணம், டிஎஸ்-160 என்ற விசா படிவம், பின்பு நேர்காணல். நெதர்லாந்தில் மட்டும் விசா, தங்கும் அனுமதி விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகமே போடும்.

திடீரென்று கணக்கில் வந்து விழும் பெரிய தொகை சந்தேகத்தைக் கிளப்பும். நிலம் விற்றதோ, வைப்புத்தொகை உடைத்ததோ, எதுவானாலும் அதன் தாளைச் சேருங்கள். ஏன் இந்தக் கோர்ஸ் என்று நேர்காணலிலோ, நீங்கள் உண்மையாகவே படிக்க வருகிறீர்களா என்று அறிய ஆஸ்திரேலியா விசா விண்ணப்பத்தில் கேட்கும் 'உண்மையான மாணவர்' கேள்விகளிலோ கேட்டால், முதல் படியில் எழுதிய தாளை வைத்துப் பதில் சொல்லலாம். மனப்பாடம் செய்த பதிலில் பாடங்களின் பெயர் இருக்காது, அதிகாரிகளுக்கு அது பழக்கமான அடையாளம்.

13. கிளம்பும் முன் கிடைக்கும் மாதங்கள்

முதல் பருவத்தில் திணறல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும்: புள்ளியியல், ஆய்வக அறிக்கை. சராசரி, திட்ட விலக்கம், தொடர்பு, முக்கியத்துவச் சோதனை என்ற அளவுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர் மென்பொருள் இலவசம், உங்கள் ஏழாம் படித் தரவை அதில் ஏற்றி ஒரு வரைபடம் போடும் அளவு பழகினால் போதும். வேதியியலை விட்டு நாளானவர்கள் மோல், செறிவு, பிஹெச் கணக்குகளை மறுபடி போட்டுப் பாருங்கள்.

காலணியைப் போகும் நாட்டிலேயே வாங்குங்கள், களப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி நடந்து பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை, தடுப்பூசி விவரங்களை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்; களப் பயணத்துக்கு முன் துறை கேட்கும் பாதுகாப்புப் படிவத்தில் அவை தேவைப்படும். அசல் சான்றிதழ்கள், ஆஃபர் கடிதம், பணச் சான்று, தங்குமிட முகவரி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். எல்லையில் இறங்கியதும் கேட்டால் அப்போதே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.